ஓணம் லீவுக்கு இரண்டு பொடிசுகளோடு பூவாறு: போகலாமா, வேண்டாமா?

பாறசாலை அம்மா:
பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. ஓணம் லீவு பத்து நாள் வருகிறது. திருவனந்தபுரம் பக்கத்துப் பூவாறில், பொழிக்கு (ஆறு கடலில் சேரும் முகத்துவாரம்) பக்கத்தில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று வீட்டுக்காரர் முன்பணமே கட்டிவிட்டார். படகில்தான் போக வேண்டும்; ஒரு பக்கம் நெய்யாறு, மறுபக்கம் கடல். மாமியார் ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்யாற்றங்கரை அப்பா:
தைரியமாகப் போங்க சேச்சி. போன டிசம்பரில் மூன்று வயது மகளோடு போனோம். படகு கண்டல் செடிகளுக்குள் நுழைந்ததும் ஒரு நீர்க்காகம் கிளையில் நின்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவள் அன்று முழுக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நடந்தாள், சாப்பிடும்போதுகூட. கடலில் நாங்கள் இறங்கவே இல்லை. மணல், வாளி, பழம்பொரி, அப்புறம் தூக்கம். பயந்து பயந்து பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் கடலை எப்போதுதான் பார்ப்பார்கள்?

மார்த்தாண்டம் டீச்சர்:
தம்பி, டிசம்பர் கடலைப் பார்த்துவிட்டு ஓணத்துக்கு வழி சொல்கிறீர்கள். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை இருக்கும். பூவாறு கரை சட்டென்று சரியும். அலை உடைந்து திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். கோவளத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்ற என் பேரனை அப்படித்தான் தள்ளியது. நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், இருந்தும் முகம் குப்புற விழுந்தான். மூக்கிலிருந்து மணல் எடுக்க அரை மணி நேரம் ஆனது. அங்கே உயிர்காப்பாளர்கள் உண்டு, சிவப்புக் கொடி உண்டு. பொழிக்கரையில் உங்களுக்கு யார் விசில் ஊதுவார்கள்?

நெய்யாற்றங்கரை அப்பா:
இறங்கவே இல்லை என்றேனே டீச்சர். இரண்டாவது வரியைப் படிக்காமலேயே மார்க் போடுகிறீர்கள்.

மார்த்தாண்டம் டீச்சர்:
இரண்டு வயதுக் குழந்தையிடம் "இறங்காதே" என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

தூத்தூர்க்காரி:
எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே கடற்கரை மணலில்தான். அதனால் டீச்சரின் பயம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் அண்ணன் சொல்வது இன்னும் தப்பு. கரையில் நின்றால் ஆபத்து இல்லை என்பது எங்கள் பக்கத்துக் கடலுக்குப் பொருந்தாது. கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் கிளப்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பேர். 2012-இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் கன்னியாகுமரி ஜில்லா லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிர் விட்டது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

பொழி இன்னொரு கதை. மழையில் ஆறு பெருகி மணல்திட்டை உடைத்தால், ஆறும் கடலும் முட்டும் இடத்தில் நீச்சல் தெரிந்தவனுக்கும் கால் நிற்காது. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் எங்கள் ஆட்களின் படகே கவிழ்ந்திருக்கிறது. கிளம்பும் நாளில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) வெளியிடும் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் வள்ளம் இறக்குவதில்லை.

பாறசாலை அம்மா:
கடலை விடுங்கள், படகில் போக வேண்டுமே. அது பரவாயில்லையா?

நெய்யாற்றங்கரை அப்பா:
லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். காயல் தண்ணீர் அசையாமல் இருக்கும்.

தூத்தூர்க்காரி:
கொடுப்பார்கள், சரி. எந்த அளவு? பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிட்டு தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் கையோடு வரும், குழந்தை கீழேயே நிற்கும். காலுக்கிடையில் வார் உள்ள சின்ன ஜாக்கெட் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். 2023 மே மாதம் தானூரில் கவிழ்ந்த படகும் அசையாத தண்ணீரில்தான் போனது. 22 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகள் பலர். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள்.

நெய்யாற்றங்கரை அப்பா:
ஜாக்கெட் விஷயம் நான் யோசிக்கவில்லை. மகளுக்குப் போட்டது காது வரை வந்தது, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தோம்.

மார்த்தாண்டம் டீச்சர்:
இன்னொன்று. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் மூழ்கியதே, அதிலிருந்து வந்த பிளாஸ்டிக் மணிகள் நம் கரை வரை ஒதுங்கின. ஜவ்வரிசி மாதிரியே இருக்கும். பேரன் ஒரு கைப்பிடி பொறுக்கி வந்து "பாயசம் வை ஆச்சி" என்றான். மணலில் உட்கார வைப்பதற்கு முன் ஒரு தடவை விரலால் கிளறிப் பாருங்கள்.

நெய்யாற்றங்கரை அப்பா:
சரி, ஓணம் வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு மாற்றினால் வாடகை எகிறிவிடும். பொங்கலுக்குத் திருவனந்தபுரம் ஜில்லாவிலும் உள்ளூர் விடுமுறை உண்டே, அப்போது போங்கள். கடலும் அடங்கியிருக்கும். போகவே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாறசாலை அம்மா:
பேசிவிட்டோம். முன்பணம் திரும்பக் கிடையாதாம், தேதி மாற்றித் தருகிறார்களாம். பொங்கலுக்கு எழுதியாயிற்று. சின்ன ஜாக்கெட் கேட்டேன், "பார்க்கிறோம்" என்றார்கள். அதனால் நாமே வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம். இப்போது புதுச் சிக்கல்: தேதி மாறியதும் மாமியார் தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். படகில் முன் சீட்டு வேண்டுமாம்.