ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதல்: தானியங்கிப் பாதுகாப்பு இருந்தும் எப்படி?

கேள்வி: மாயவரத்தான், மேற்கு மாம்பலம்

2016 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், பாட் ஐப்லிங் அருகே ஒற்றைப் பாதையில் இரண்டு பயணிகள் ரயில்கள் மோதி 12 பேர் இறந்ததைப் பற்றிப் படித்தேன். சிவப்பைத் தாண்டினால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி அங்கே இருந்ததாம். விழுப்புரத்தைத் தாண்டியதும் எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராசிங்குக்காக வண்டியை நிறுத்திவைத்தால் அலுத்துக்கொள்பவன் நான். அத்தனை ஏற்பாடு இருந்தும் ஒருவரின் தவறு எப்படி அவ்வளவு தூரம் சென்றது?

பதில்: சிக்னல் பிரியன், பெரம்பூர்

கருவி தன் வேலையைச் சரியாகவே செய்தது. பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர், வண்டிகள் எந்த நிலையத்தில் கிராசிங் ஆகவேண்டும் என்பதைக் கால அட்டவணையில் தவறாகப் பார்த்துவிட்டு, பழுதுக் காலத்துக்கென உள்ள மாற்றுச் சமிக்ஞையைக் கொடுத்துவிட்டார். மூன்று வெள்ளை விளக்குகள் கொண்ட அது எரிந்தால் ஓட்டுநர் சிவப்பைத் தாண்டலாம். தானியங்கி பிரேக்கும் குறுக்கே வராது. பதறிப்போய் அவர் விடுத்த அவசர அழைப்பும், தவறான பொத்தானை அழுத்தியதால் ஓட்டுநர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பணி நேரத்தில் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தது விசாரணையில் தெரியவந்து, அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பதில்: ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி, வில்லிவாக்கம்

கைபேசியை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸில் ஆபர்மியூல் நிலையத்தருகே 17 பேர் இறந்தபோது கைபேசி ஏது? அங்கே டேப்லெட் முறை இருந்தது; டேப்லெட் என்ற வட்டு கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பிளாக் பகுதிக்குரிய வட்டைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டால், அதைத் திருப்பி வைக்கும் வரை இன்னொன்று வெளியே வராது. அதில் பகுதியின் பெயரும் பொறித்திருக்கும். ஆனால் கருவிகள் இருந்த அறையில் யார் வேண்டுமானாலும் அவற்றை இயக்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. வந்துசேர்ந்த வண்டி கொண்டுவந்த பழைய வட்டே, கைமாறிக் கைமாறி, அடுத்த பகுதிக்கான அனுமதியாக அதே ஓட்டுநரிடம் திரும்பிச் சென்றது. கொடுத்தவரும் வாங்கியவரும் பெயரைப் படிக்கவில்லை.

நம் ஊரில் பிரம்பு வளையத்தின் தோல் பையில் வைத்து நாங்கள் நீட்டிய பந்து டோக்கனும் இதே வகைதான். கருவி பழுதானால், பக்கத்து நிலையத்தோடு தொலைபேசியில் பேசி, பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை வாங்கிப் பதிவேட்டில் எழுதிய பிறகே, பேப்பர் லைன் கிளியர் என்ற எழுத்து அனுமதியைக் கொடுப்போம். அந்த எண்ணை எதிர்முனையில் இருப்பவர் தம்மிடமுள்ள எண் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால், ஒருவர் மட்டும் முடிவெடுத்து வண்டியை அனுப்ப இயலாது. பாட் ஐப்லிங்கில் மாற்றுச் சமிக்ஞை கொடுக்க இரண்டாவது ஆளின் ஒப்புதல் தேவைப்படவில்லை; எனக்கு உறுத்துவது அதுதான்.

கேள்வியாளர்: நன்றி ஐயா. நம் ரயில்வேயின் தானியங்கி மோதல் தடுப்பு அமைப்பான 'கவச்' இருந்தால் இது நேராதா?

பதில்: சிக்னல் பிரியன், பெரம்பூர்

எதிரெதிரே வரும் வண்டிகளை உணர்ந்து பிரேக் போடும் வசதி அதில் உண்டு. ஆனால் இரண்டு எஞ்சின்களிலும் கருவி பொருத்தப்பட்டு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழுது என்று அதையும் ஒதுக்கிவைக்க வழி உண்டு என்பதால், ஐயா சொன்ன இரண்டாவது ஆள் அங்கேயும் தேவைப்படுவார்.