402 மீட்டர் டிராக்: ஸ்டாக் (பெரிதாக எதுவும் மாற்றாத) எஸ்யூவி கிளம்பும்போதே டயர் சுழல்கிறது

அண்ணன்மாரே, பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஆட்டோ கியர் எஸ்யூவியை கால் மைல் ரேஸ் டிராக்கில் விட்டவர்கள் சொல்லுங்கள்.

1.8 டர்போ, முன்சக்கர டிரைவ், 6 ஸ்பீடு. மாற்றியது ஏர் ஃபில்டர் மட்டும். பெட்ரோல் ரோன் 97. பிரேக்கை அழுத்தியபடி 1,800 ஆர்பிஎம் ஏற்றி விட்டால் முன் டயர் சுழல்கிறது, முதல் 60 அடிக்கே 2.6 விநாடி போய்விடுகிறது. கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து முன் டயரின் பிடிப்பு குறைகிறது, அதுதான் காரணம். முன் டயர் காற்றழுத்தத்தை 33 பிஎஸ்ஐயிலிருந்து 28க்கு இறக்கி, பின்னால் 38 வைத்தால் போதுமா, டயரையே மாற்றணுமா? (செம்பனை லாரி ஓடுற எஸ்டேட் ரோட்டில் சோதித்துப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.)

அடுத்தடுத்து ஓடினால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) சூடேறி, ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) இக்னிஷனைத் தாமதப்படுத்துகிறது. கடைசி 100 மீட்டரில் இழுவையே இல்லை. பானட்டைத் திறந்து எத்தனை நிமிடம் ஆறவிடுகிறீர்கள்? இன்டர்கூலர் மேல் ஐஸ் பை வைத்தால் பலன் உண்டா?