புதுப்பிப்பு: வளைத்த கண்ணாடி ஏன் வெடித்தது

போன கிழமை, கொக்குவில் பட்டறையில் வளைத்த 6 கண்ணாடிகளில் 4, உலையிலிருந்து எடுத்த மறுநாள் தானாகவே வெடித்தன என்று எழுதியிருந்தேன். கண்ணாடி படியும் அச்சில்தான் பிழை என்று சாதித்தேன். இல்லை, பிழை என் அவசரம்.

சாதாரண யன்னல் கண்ணாடி 650 பாகை செல்சியஸ் அளவில் தொய்ந்து அச்சில் படிந்துவிடும். அது சரியாகவே நடந்தது. வெப்பத்தை இறக்கும்போதுதான் கோளாறு: 550 பாகையளவில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். நான் மூடியைத் திறந்து காற்றுப் பட விட்டேன். வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிட்டது.

பழைய கல்குலேற்றர்த் திரைகளில் உரித்த இரண்டு போலரைசர் தாள்களை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) குறுக்காகப் பிடித்து, இடையில் மிஞ்சிய கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் வெளிச்சத் திட்டுகள், அதாவது உள்ளே தங்கிய விசையின் அடையாளம்! நேற்று இரவு முழுக்க மூடியே ஆறவிட்ட 2 கண்ணாடிகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.