18.5 கிலோவா, 24 கிலோவா? கோத்தகிரிக்கு எந்த மின்சைக்கிள்?

மூடுபனி:

வணக்கம். ஊர் அரவேணு பக்கம். வயது 46, எடை 54 கிலோ, உயரம் 5 அடி 1 அங்குலம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எந்த இ-பைக் வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் தங்கள் எடையைச் சொல்வதே இல்லை. பதில் சொல்கிறவர்களும் தங்களுடைய 80 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

9 வருஷமாக ஒரு சாதாரண கியர் சைக்கிள் ஓட்டுகிறேன். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 15 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்டேட் ரோடு வழியாகக் கீழ்க்கோத்தகிரி பக்கம் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு ஏறி வருவேன். போகிற வழியையும் வருகிற வழியையும் சேர்த்தால் 700 மீட்டர் ஏற்றம் என்று கைக்கடிகாரம் காட்டும். இப்போது வலது முட்டி ஒத்துழைக்கவில்லை. சமதளத்தில் வலி இல்லை, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால்தான் வருகிறது. கடைசி 3 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வருகிறேன். கொழுந்து பறிக்கிற அக்காமார்கள், "சைக்கிளுக்குக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்கிறார்கள்.

தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். அக்காவுக்கு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று இரண்டைக் காட்டினான். இரண்டுக்கும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். ஒன்று லைட் வகை: பாஷ் எஸ்எக்ஸ் மோட்டார், 55 நியூட்டன் மீட்டர், 400 வாட்-அவர் பேட்டரி, மொத்தம் 18.5 கிலோ. ஆனால் பேட்டரி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கழற்ற முடியாது. மற்றது ஃபுல் பவர்: பாஷ் சிஎக்ஸ், 85 நியூட்டன் மீட்டர், 750 வாட்-அவர், 24 கிலோ. பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றிக்கொள்ளலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டுக்காரர், "வாங்குறதே வாங்குற, பெருசா வாங்கு" என்கிறார். கிரைண்டர் வாங்கும்போதும் இதையேதான் சொன்னார். அதை இன்றைக்கும் தனியாக நகர்த்த முடியாமல் சுற்றிச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே. ரோட்டிலிருந்து 38 படி. மேலே சைக்கிளை நிறுத்தி வைக்க இடம் இல்லை. மழை ஒரு பக்கம், ராத்திரி காட்டெருமை வந்து உரசிவிட்டுப் போகிற வேலி ஒரு பக்கம்.

55 நியூட்டன் மீட்டர் நம் ஏற்றத்துக்குப் போதுமா? இறங்கும்போது சார்ஜ் ஏறுமா? இந்த இரண்டும்தான் என் கேள்வி. படிக்கட்டு என் தலையெழுத்து, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குன்னூர்_வளைவு:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், ஃபுல் பவர். நான் இரண்டு வருஷமாக 85 நியூட்டன் மீட்டர் வண்டிதான் ஓட்டுகிறேன். லைட் வண்டியை ஒரு நண்பரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, மோட்டாருக்கில்லை, எனக்கு.

இன்னொன்று. வெளிநாட்டில் இந்த லைட் வண்டிகளைப் புகழ்ந்து எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வீடு அடிவாரத்தில் இருக்கும். முழு பேட்டரியோடு மேலே ஏறுவார்கள், தீர்ந்துபோனாலும் வீடு வரை உருண்டு வந்துவிடலாம். நமக்கு எல்லாமே தலைகீழ். வீடு மேலே. சந்தோஷமாக இறங்கிவிட்டு, களைத்துப்போய், பசியோடு, மேகம் இறங்குகிற நேரத்தில்தான் ஏற வேண்டும். அங்கே பேட்டரி செத்தால் 24 கிலோவோ 18 கிலோவோ, தள்ளித்தான் ஆக வேண்டும். அதனால் பெரிய பேட்டரி உள்ளதை வாங்குங்கள்.

மூடுபனி:

வீடு மேலே என்பது சரியான பேச்சு. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனால் தம்பி, உங்கள் எடை?

குன்னூர்_வளைவு:

88. (புரிகிறது.)

ஓய்வு_வாத்தியார்:

பாலிடெக்னிக்கில் 31 வருஷம் பாடம் எடுத்தவன், ஊட்டியில் இருக்கிறேன். கரும்பலகை இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

100 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்ற 27 வாட்-அவர் வேண்டும். இது புவியீர்ப்புக் கணக்கு, எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும் மாறாது. நீங்கள் 54, உடுப்பு, தண்ணீர், பை எல்லாம் 5, ஃபுல் பவர் சைக்கிள் 24, ஆக 83 கிலோ. 700 மீட்டர் ஏற 158 வாட்-அவர். லைட் சைக்கிளில் மொத்தம் 77.5 கிலோ, 148 வாட்-அவர். அதாவது ஏற்றத்துக்கு இந்த 5.5 கிலோ தருகிற தொந்தரவு வெறும் 10 வாட்-அவர். எடை குறைந்தால் ஏறுவது சுலபம் என்று லைட் வண்டியை விற்பவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் கால் கொடுக்கட்டும். மண் ரோட்டின் இழுவை, மோட்டாரில் சூடாகப் போகிற வீண் எல்லாம் சேர்த்தாலும் பேட்டரியிலிருந்து 160 முதல் 180 வரைதான் செலவாகும். 400-ல் பாதிகூட இல்லை. குன்னூர் தம்பி சொன்ன வீடு மேலே இருக்கிற பிரச்சினை உண்மைதான், ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு 400 தாராளம். நாலைந்து வருஷத்தில் பேட்டரி கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்கும். எப்போதும் டர்போ (மோட்டாரின் முழு உதவி) போட்டுக்கொண்டு காலைச் சும்மா சுற்றினால் மட்டும் கணக்கு தவறிவிடும்.

இப்போது மோட்டார். நியூட்டன் மீட்டர் என்பது திருகுவிசை. அதை மிதிக்கிற வேகத்தோடு பெருக்கினால்தான் சக்தி. நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் 55 நியூட்டன் மீட்டர் 345 வாட் தரும், 85 நியூட்டன் மீட்டர் 534 வாட். எஸ்எக்ஸ் மோட்டாரின் உச்சம் 600 வாட் என்று விளம்பரத்தில் இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் 100 சுற்றுக்கு மேல் மிதிக்கிறவருக்குத்தான் அது கிடைக்கும். கடினமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிக்கிற ஆளுக்குச் சின்ன மோட்டார் ஏமாற்றம்தான். குன்னூர் தம்பிக்கு மூச்சு வாங்கியதும் இதனால்தான் இருக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? கல்லாறிலிருந்து பல்சக்கரம் பிடித்து ஏறுகிற நம் ரயிலுக்கே சரிவு 12-க்கு 1 தான். எஸ்டேட் ரோடு அதைவிட மோசம், 15 சதவீதம் என்று வைப்போம். அதில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் 77.5 கிலோ ஏற சுமார் 260 வாட். நீங்கள் 100 கொடுத்தால் மோட்டார் 160 கொடுக்க வேண்டும். எஸ்எக்ஸுக்கு இது பாதி வேலைகூட இல்லை. அதே இடத்தில் குன்னூர் தம்பிக்கும் அவர் வண்டிக்கும் 390-க்கு மேல் வேண்டும். அவர் சொன்னது அவருக்குச் சரி.

முட்டிக்கும் இதுதான் வழி. லேசான கியர், 75-80 சுற்று. அழுத்தி மிதிக்கிற பழக்கத்தை விட்டால் மோட்டாரும் சூடேறாது, முட்டியும் பிழைக்கும். பழக ஒரு மாதம் ஆகும்.

இறக்கத்தில் சார்ஜ் ஏறாது. இந்த வகை மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறது. இறங்கும்போது பின்சக்கரம் ஃப்ரீவீலில் தனியாகச் சுற்றும், மோட்டாருக்குச் செய்தியே போகாது. அந்த 700 மீட்டரும் பிரேக்கில் சூடாகப் போகிறது, அவ்வளவுதான்.

படிக்கட்டைத் தலையெழுத்து என்று ஒதுக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் முதல் கேள்வியே அதுதான். 24 கிலோ என்பது உங்கள் எடையில் 44 சதவீதம். குன்னூர் தம்பிக்கு அது 27 சதவீதம். ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் 15 கிலோ சைக்கிளில் 3.5 கிலோ அரிசி கட்டி 38 படியும் தூக்குங்கள். மறுநாள் 9 கிலோ கட்டித் தூக்குங்கள். மூட்டையைச் சட்டத்தின் அடியில், பெடல் பக்கமாகக் கட்டுங்கள், மோட்டார் அங்கேதான் இருக்கும். அப்புறம் வந்து சொல்லுங்கள்.

கோவை_பட்டறை:

வாத்தியார் ஐயா கணக்குக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் மேடம், வண்டி எப்படி வரும் என்று யாருமே கேட்கவில்லையே. தம்பி விமானத்தில் கொண்டு வருவதாக இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 160 வாட்-அவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி. 400 ஆனாலும் 750 ஆனாலும் ஒரே பதில். கப்பல் சரக்கில் ஆபத்தான பொருள் என்று காகிதம் போட்டு வர வேண்டும். அந்தச் செலவும் சுங்கவரியும் தனி.

"பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் கொண்டு வந்துவிடுகிறேன், இங்கே ஒன்று செய்து போட்டுக்கலாம்" என்று ஒருவர் கொண்டு வந்தார். எட்டு மாதமாக என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. இந்த மோட்டார்களும் பேட்டரிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறவை, நாம் செல் கட்டிக் கொடுத்தால் மோட்டார் விழிக்காது. பேட்டரி கழற்ற முடியாத லைட் வண்டியாக இருந்தால் அதையும் செய்ய முடியாது, முழு வண்டியும் சரக்குதான்.

மோட்டாரில் கோளாறு என்றால் டீலரிடம் இருக்கிற மென்பொருள் போட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் அது இல்லை, உங்கள் ஊரிலும் இருக்காது. செயின், பிரேக், டயர், பேரிங் எல்லாம் நான் பார்ப்பேன். மோட்டாரின் விசை முழுக்கச் செயின் வழியாகத்தான் போகிறது, அதனால் சாதா சைக்கிளைவிடச் சீக்கிரம் தேயும். ஃபுல் பவரில் இன்னும் சீக்கிரம். இரண்டு செயின் சேர்த்து வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஓட்டிவிட்டு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டுவிடாதீர்கள். அந்த வேகத்துக்குத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

இங்கேயே கிடைக்கிற பின்சக்கர மோட்டார் சைக்கிள் போதாதா என்று கேட்பீர்கள். கோத்தகிரி டவுனுக்குப் போய்வர என்றால் சரி என்பேன். 15 சதவீதம் ஏற்றத்தில் நடை வேகத்தில் போனால் சக்கர மோட்டார் சூடாகும். அதற்குக் கியர் உதவி கிடையாது.

லைசென்ஸ் தொல்லை பெரும்பாலும் வராது. 250 வாட்டுக்குக் கீழ், 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ் என்றால் இங்கே மோட்டார் வாகனம் ஆகாது. ஜெர்மனி வண்டி சரியாக 250 வாட், 25 கிலோமீட்டர் என்று எல்லையிலேயே வரும். எதற்கும் அனுப்புகிறபோது இந்த அளவுகள் எழுதிய தாளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

வட்டக்கானல்_வாசி:

கொடைக்கானலிலிருந்து ஒரு வார்த்தை. என்னிடம் 23 கிலோ வண்டி, எங்கள் வீட்டுக்கும் 20 படி உண்டு. படியின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்ட் சாய்வு போட்டுவிட்டேன். தள்ளும்போது உதவுகிற பட்டனை அமுக்கினால் வண்டி தானே ஏறும், நான் பக்கத்தில் படியில் நடந்து வருவேன். ஆனால் இது வீட்டுப் படிக்குத்தான். கற்பூர மரம் குறுக்கே விழுந்து கிடந்தால், எஸ்டேட் கேட்டைப் பூட்டிவிட்டால், அங்கே கொத்தனார் வரமாட்டார்.

பேட்டரி கழற்ற முடிந்தால் அந்த 4 கிலோவைப் பையில் போட்டு முதலில் தாண்டலாம். அப்படித்தான் நான் செய்கிறேன். சோலைக்காட்டுக்குள் மட்டும் வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் போனால் மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழக்குதான். திருப்பங்களில் மணி அடியுங்கள். இந்த வண்டிகளுக்குச் சத்தம் இல்லாததால் காட்டெருமைக்கும் நம்மைத் தெரியாது.

மூடுபனி:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா கொடுத்த வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை 3.5 கிலோ. மாமியார் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அரிசியை மேல கொண்டுபோய் விக்கப் போறியா?" என்று கேட்டார். 38 படியும் ஏறினேன். 20-வது படியில் ஒரு தடவை நின்றேன். மூச்சு வாங்கியது, முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை 9 கிலோ. தூக்கிய உடனேயே தெரிந்துவிட்டது, இது என் சாமான் இல்லை என்று. கை நீட்டிப் பிடிக்க முடியவில்லை, உடம்போடு அணைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்தால் பெடல் கெண்டைக்காலில் இடிக்கிறது. 14-வது படியில் இறக்கி வைத்தேன். இறக்கி வைத்ததைத் திரும்பத் தூக்குவதுதான் நிஜமான கஷ்டம், சாய்ந்த படியில் அது நிற்கவும் மாட்டேன் என்கிறது. 17-வது படியில் வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டார். அவரும் மேலே போய்ச் சேர்ந்து, ஒரு நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டு, "சின்னதே வாங்கு" என்றார்.

கொடைக்கானல்காரர் சொன்ன சிமெண்ட் சாய்வு நல்ல யோசனை. ஆனால் எங்கள் படியில் நடுவில் ஒரு செங்குத்தான திருப்பம் இருக்கிறது, 24 கிலோவை அங்கே பின்சக்கரத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். பேட்டரியைத் தனியாகக் கொண்டு போகலாம் என்பதையும் யோசித்தேன். கழற்றினால் 20 கிலோ அளவுக்கு வந்துவிடும்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடுதலாக இரண்டு நடை, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்றால் 152 படி அதிகமாகிறது. எனக்கு அது வேண்டாம்.

தம்பியிடம் லைட் என்று சொல்லிவிட்டேன். விமானத்தில் வராது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. கையில் கொண்டு வருவதாகத்தான் இருந்தானாம். இப்போது கப்பல் சரக்குக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறான். அது வண்டி விலையில் கால் பங்கைத் தாண்டினால் இந்த வருஷம் வேண்டாம், முட்டிக்கு லேசான கியர் போட்டுப் பழைய சைக்கிளையே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு செயினும் அந்தத் தாளும் பட்டியலில் சேர்த்தாயிற்று.

கோவை பட்டறைக்காரருக்கு ஒரு கேள்வி: என் பழைய சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல். 42 பல் உள்ளதைப் போட முடியுமா, இல்லை டீரெய்லியரையும் (செயினைப் பல் மாற்றித் தள்ளுகிற கருவி) மாற்ற வேண்டுமா?

கோவை_பட்டறை:

பின் டீரெய்லியரின் படமும், எத்தனை ஸ்பீடு என்றும் அனுப்புங்கள். பெரும்பாலும் டீரெய்லியர், செயின் இரண்டும் மாற வேண்டியிருக்கும். அரிசியைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள்.