மிளகாய்ச் செடி: மண் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

மொட்டைமாடி எழுதியது:

12 அங்குலத் தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி வைத்திருக்கிறேன். கலவையில் பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். பூ வைக்கும்வரை நன்றாகத்தான் வந்தது. இப்போது அடி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவில் மஞ்சளாகிவிட்டன. சில இலைகளின் நுனி கருகியிருக்கிறது, பூவும் கொட்டுகிறது. வெயில் ஏறும் முன்னாலேயே செடி தொங்கிவிடுகிறது. தண்ணீர் தினமும் காலையில் ஊற்றுகிறேன். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) வாரம் ஒருமுறை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து வேரில் விடுகிறேன். சத்து போதவில்லை என்று தோன்றுகிறது. அளவைக் கூட்டலாமா?

பச்சைக்கிளி எழுதியது:

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் அடி இலையில் என்றால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள், சரியாகிவிடும்.

வேர்பார்ப்பவன் எழுதியது:

கிளி சொன்ன அடையாளம் சரி. ஆனால் தொட்டியில் மெக்னீசியம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, செடிக்குள் போகவில்லை என்றுதான் அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் உரத்தில் உள்ள பொட்டாஷ் (சாம்பல் சத்து) அதிகமாகக் குவிந்தால் மெக்னீசியத்தை உள்ளே விடாது. வேர் கெட்டுப்போனாலும் அப்படித்தான், எதையும் உறிஞ்சாது. வாரா வாரம் லிட்டருக்கு 5 கிராம் என்பது தொட்டிச் செடிக்கு ரொம்ப அதிகம். கருகிய நுனி அதைத்தான் காட்டுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா, பாருங்கள்.

எனக்கு உறுத்துவது உரம்கூட இல்லை, அந்தக் காலை வாட்டம். உச்சி வெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் கவலையே வேண்டாம், மிளகாய் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பிறகும் காலையில் தொங்கினால், பெரும்பாலும் ஒன்று தொட்டி காய்ந்து கிடக்கிறது, இல்லை வேர் மூச்சுத் திணறுகிறது. எது என்று கண்டுபிடிக்கத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே போதும். காய்ந்த தொட்டி லேசாக வரும். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கோகோபீட் மேலே உலர்ந்து வெளிறிக் கிடக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் தொட்டியைச் சாய்த்து, தண்டின் அடியைப் பிடித்து, மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். பயப்படாதீர்கள், செடி செத்துவிடாது. இலையைப் படமெடுத்துப் போட்டு ஆளுக்கொரு சத்தின் பெயர் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மொட்டைமாடி எழுதியது:

உருவிப் பார்த்தேன் அண்ணா. மேல் பாதியில் வேர் வெள்ளையாக இருக்கிறது. கீழ் பாதி கறுத்து, சாக்கடை வாடை. அங்கே ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிச்சம். ஓட்டையில் நார் அடைத்திருந்தது. விளிம்பில் வெள்ளைப் படிவும் இருக்கிறது. நல்ல தண்ணீர் நிறைய விட்டு உப்பைக் கழுவிவிடலாமா?

வேர்பார்ப்பவன் எழுதியது:

வேண்டாம். வேர் நன்றாக இருந்து உப்பு மட்டும் ஏறியிருந்தால், தொட்டி கொள்ளளவில் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் விட்டு வடியவிடுவதுதான் வழி. உங்களுக்கு அழுகல் வந்துவிட்டது, இன்னும் ஊறவைத்தால் மிச்ச வேரும் போகும்.

கறுத்த வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள், பழைய கலவையை உதிர்த்துவிடுங்கள். மிச்ச வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடத்து ஈரம் உலரவே உலராது. புதுக் கலவையில் பெர்லைட்டோ (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல் துகள்) பருமணலோ சேர்த்துக் காற்று போக வழி செய்யுங்கள். அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம். தண்ணீர் கல்லுக்கு மேலேதான் தேங்கும், வேர் இருக்கும் இடம்தான் குறையும். பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி, நுனிகளையும் கொஞ்சம் வெட்டிவிடுங்கள், இருக்கிற வேர் அவ்வளவுதான் தாங்கும். துளிர் வரும்வரை நிழல். உரம் வேண்டாம்.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். தொட்டி லேசானதும், அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் நின்றதைக் கொட்டிவிடுங்கள்.

பச்சைக்கிளி எழுதியது:

சரி, வேரைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் துளிர் வந்த பிறகும் அடி இலையில் அதே மஞ்சள் ஏறினால் எப்சம் தெளிப்பதில் தப்பில்லையே?

வேர்பார்ப்பவன் எழுதியது:

தப்பே இல்லை, சாயங்காலமாகத் தெளிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: மஞ்சளான பழைய இலை மறுபடி பச்சையாகும் என்று காத்திருக்கக் கூடாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் கொழுந்தில் தொடங்கினால் அது மெக்னீசியம் இல்லை, இரும்பு. அதற்கும் பெரும்பாலும் காரத்தன்மை கூடிய மண்ணோ தண்ணீரோதான் காரணம். மண்ணின் அமிலகார அளவு (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் மிளகாய்க்கு நல்லது.

மொட்டைமாடி எழுதியது:

மாற்றி வைத்துவிட்டேன். கொழுந்து ஒன்று மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது. இதுவும் தண்ணீர்ப் பிரச்சினையா?

வேர்பார்ப்பவன் எழுதியது:

மேல்நோக்கி என்றால் இலைப்பேனாக இருக்கலாம், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். அதைத் திருப்பி அடிப்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.