கொல்லைப்புறத் தளம்: இந்த முறையாவது

சனி, காலை 7:12

நான்: [படம்] [படம்] எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். கொல்லைப்புறத்துக் காங்கிரீட் தளம். போட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை, இரண்டு இடத்தில் குறுக்கே வெடித்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் அத்தனையும் சுவர் ஓரத்தில் வந்து நிற்கிறது. சமையலறைச் சுவரில் உள்பக்கம் பெயிண்ட் உரிகிறது.

அம்மா: அன்றைக்கே சொன்னேன், இவ்வளவு பெரிய வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார்களே என்று.

அத்தான்: மேலே ஒரு பூச்சுப் பூசி டைல்ஸ் ஒட்டிவிடு. வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

அக்கா: கண்ணுக்குத்தான் தெரியாது. அடியில் தளம் அசைந்தால் டைல்ஸும் அதே கோட்டில் பிளக்கும். நீள அகலம் என்ன?

நான்: சுவரை ஒட்டி 24 அடி. சுவரிலிருந்து வெளியே 8 அடி.

அக்கா: வெடிப்பு எங்கெங்கே? ஒரு முனையிலிருந்து டேப் பிடித்துச் சொல்.

நான்: முதலாவது எட்டரை அடியில். இரண்டாவது 16 அடிக்குக் கொஞ்சம் முன்னால்.

அக்கா: பார்த்தாயா, தானாகவே மூன்று பங்கு பிரித்துக்கொண்டுவிட்டது. காங்கிரீட் காயக் காயச் சுருங்கும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 24 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் வரும். அடியில் தரை அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அது சுருங்கப் பார்க்கிறது. எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள் இணைப்பு, அதாவது தளத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடு, விட்டிருந்தால் அந்தக் கோட்டிலேயே ஒழுங்காகப் பிளந்திருக்கும்.

பெரிய மாமா: வெடிப்பு இருக்கட்டும். தண்ணீர் ஏன் சுவர்ப் பக்கம் ஓடுகிறது? முதலில் அதைப் பார்க்க வேண்டும். மருமகனே, சுத்தியல் பிடியால் சுவர் ஓரமாகத் தட்டு. அப்புறம் வெளி ஓரத்தில் தட்டு. இரண்டையும் பதிவு செய்து போடு.

நான்: [குரல் பதிவு 0:21]

பெரிய மாமா: கேட்டேன். வெளிப்பக்கம் கெட்டியாகக் கேட்கிறது. சுவர்ப் பக்கம் தொம் தொம் என்கிறது. அடியில் மண் இறங்கிவிட்டது, தளம் அந்தரத்தில் நின்று அப்புறம் சாய்ந்திருக்கிறது.

சித்தி: சுவர் ஓரத்தில் மட்டும் எப்படி அண்ணா இறங்கும்?

பெரிய மாமா: அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. வீடு எழும்பிய பிறகு கையில் கிடைத்ததை எல்லாம் தள்ளி மூடியிருப்பார்கள். உடைந்த செங்கல், மரத்துண்டு, காகித மூட்டை எல்லாம் இருக்கும். அது வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் தளம் போட்டால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வீட்டுப் பக்கம்தான் திரும்பும். நான் பார்த்த தளங்களில் பாதிக்கு இதுதான் நோய். சிமெண்டைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

அத்தான்: அப்படியானால் டைல்ஸ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

சனி, மாலை 5:40

நான்: மாமா சொன்னபடி ஒரு மூலையை உடைத்துவிட்டேன். [படம்] ஓரத்தில் 4 அங்குலம் இருக்கிறது. உள்ளே இரண்டரைதான்!

அக்கா: ஓரத்தை மட்டும் கனமாகக் காட்டியிருக்கிறார்கள். கணக்குக் கேட்டால் அங்கேதானே டேப் வைப்பீர்கள்.

நான்: துண்டைப் புரட்டிப் பார்த்தேன். கம்பி வலை முழுக்க அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கிறது. பாதிக் கம்பி வெளியே தெரிகிறது, துருப் பிடித்துக் கட்டம் கட்டமாகச் சிவப்புக் கறை. கூடவே ஒரு வேர், என் கட்டைவிரல் கனம்.

பெரிய மாமா: வலையை மண்ணிலேயே விரித்துவிட்டு மேலே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். "கொட்டும்போது கம்பியைத் தூக்கிவிடுகிறோம்" என்பார்கள். நாலு பேர் அதே வலை மேல் மிதித்துக்கொண்டு நிற்கும்போது யார் தூக்குவது?

அக்கா: 4 அங்குலத் தளத்தில் வலை மேலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும். அதுவும் வெடிப்பு வராமல் தடுக்காது, வந்த வெடிப்பு விரியாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடியில் கிடந்தால் அந்த வேலையும் நடக்காது.

அம்மா: மொத்தத்தையும் உடைக்க வேண்டுமா?

பெரிய மாமா: உடைத்துத்தான் ஆக வேண்டும் தங்கச்சி. நல்ல துண்டுகளைப் பொடித்து அடியில் போட்டுக்கொள்ளலாம், வீணாகாது.

ஞாயிறு, காலை 9:05

அக்கா: கணக்கு போட்டுவிட்டேன். 24க்கு 8 அடி, 4 அங்குலக் கனம் என்றால் 64 கன அடி. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவை. சிமெண்டு 15 மூட்டை, மணல் 28 கன அடி, 20 மில்லிமீட்டர் ஜல்லி 56 கன அடி. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள். அடியில் போடும் கெட்டி ஜல்லி தனி.

தம்பி: 20 மூட்டை போட்டால் இன்னும் பலமாக இருக்குமே?

அக்கா: இன்னும் அதிகமாகச் சுருங்கும். பலத்தைக் கெடுப்பது தண்ணீர். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும்.

அத்தான்: இதில் எனக்கு அனுபவம் உண்டு. எங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கலவை போட்டபோது ஆட்கள் "கெட்டியாக இருக்கிறது, இழுக்க வரவில்லை" என்றார்கள். நானே பெரிய மனது பண்ணி ஹோஸைப் பிடித்தேன். வெண்ணெய் போல வழிந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இன்று வரை பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூள் வந்துகொண்டே இருக்கிறது.

அக்கா: பெருக்குவது யார் என்பதையும் சொல்லுங்கள்.

சித்தி: நான் ஒன்று கேட்கிறேன். பளபளவென்று வழுக்கும்படி போடாதீர்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்தால் இடுப்பு முறியும். அப்புறம் துணிக்கொடிக் கம்பம், தோட்டக் குழாய், விளக்குக்கு வயர் இதெல்லாம் இப்போதே யோசியுங்கள். தளம் போட்ட பிறகு நினைவு வந்தால் மறுபடி உடைக்க வேண்டியதுதான்.

நான்: நல்ல வேளை சொன்னீர்கள் சித்தி. அடியில் இரண்டு காலிக் குழாய் பதித்துவிடுகிறேன்.

பெரிய மாமா: இப்போது வாட்டம். அடிக்குக் கால் அங்குலம். 8 அடிக்கு 2 அங்குலம். சுவரில் நீலக் கயிற்றால் கோடு அடி, எதிர் ஓரத்தில் முளை அடித்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் மட்டம் பிடி. எதிர்ப் பக்கம் சரியாக 2 அங்குலம் இறங்கியிருக்க வேண்டும். கண்மட்டத்தை நம்பாதே, தோட்டமே ஒரு பக்கம் சரிந்திருந்தால் கண் ஏமாற்றும்.

அக்கா: சுவரில் தளம் தொடும் உயரமும் முக்கியம். ஈரம் ஏறாமல் அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு தடுப்புப் பட்டை போட்டிருப்பார்கள். தளம் அதற்குக் கீழே 6 அங்குலமாவது இருக்கட்டும். அப்புறம் தளமும் சுவரும் ஒட்டக் கூடாது. நடுவில் அரை அங்குலத்துக்கு ஃபோம் பட்டை வை. வீடு ஆழத்தில் நிற்கிறது, அசையாது. தளம் மேல்மண்ணோடு ஏறும் இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஒன்று மற்றொன்றைக் கிழிக்கும்.

நான்: இணைப்பு எப்படி? மிஷினால் வெட்டலாமா?

அக்கா: வெட்டலாம். ஓர் அங்குல ஆழம், அதாவது கனத்தில் கால் பங்கு. மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் அதற்குள் அது வெடித்திருக்கும்.

பெரிய மாமா: கையில் கலவை போடுபவர்களுக்கு அது வேண்டாம். எட்டுக்கு எட்டு என்று மூன்று கட்டம் பிரி. முதல் நாள் ஒன்றும் மூன்றும். பலகை பிரித்த பிறகு நடுக்கட்டம். நடுவுக்கு இரண்டு பக்கத் தளமே மட்டம் காட்டும். ஒரே நாளில் 15 மூட்டையை இழுத்து முடிக்க உங்கள் வீட்டில் ஆள் ஏது?

அக்கா: இது இன்னும் நல்லது. நடுக்கட்டம் போடும் முன் இரண்டு விளிம்பிலும் தார்த்தாள் ஒட்டிவிடு. கம்பி வலையும் கட்டத்துக்குக் கட்டம் தனித்தனி, இணைப்பைத் தாண்டக் கூடாது.

அடுத்த வெள்ளி, மாலை 6:20

நான்: பழைய தளம் போய்விட்டது. சுவர் ஓரம் தோண்டியதில் அரை வண்டி குப்பை. [படம்] முழுசாக ஒரு பழைய சிமெண்டு மூட்டை, கல்லாகிக் கிடந்தது.

பெரிய மாமா: கெட்டி மண் வரும் வரை தோண்டினாயா?

நான்: இரண்டரை அடி போக வேண்டியிருந்தது. இப்போது அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டிருக்கிறோம். தோள்பட்டை கழன்றுவிட்டது.

பெரிய மாமா: குதிகாலால் ஓங்கி மிதி. தடம் விழுந்தால் இன்னும் இடி.

நான்: விழுகிறது.

பெரிய மாமா: இடி.

அம்மா: ஒரு மருந்துக்காவது "போதும்" என்று சொல்லுங்கள் அண்ணா.

ஞாயிறு, காலை 5:50

நான்: வெயில் ஏறும் முன் ஆரம்பித்துவிட்டோம். அடியில் 4 அங்குலம் ஜல்லி, இடித்து மட்டம் பண்ணியாகிவிட்டது. மேலே பாலிதீன் தாள். வலை தரையில் படாமல் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகள் மேல் நிற்கிறது. 25 லிட்டருக்குக் குடத்தில் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா: குடத்துக்குப் பக்கத்தில் உன் அத்தானை விடாதே.

தம்பி: [படம்] மூன்றாவது கட்டத்தில் மட்டப்பலகை இழுப்பது நான்தான். ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டேன்.

பெரிய மாமா: பலகையை இரண்டு கையாலும் பிடி. இன்னொரு கையில் போன் எதற்கு?

நான்: மாமா, மேலே தண்ணீர் மினுமினு என்று நிற்கிறது. கொத்தனார் உலர் சிமெண்டைத் தூவித் தேய்க்கட்டுமா என்கிறார்.

பெரிய மாமா: தூவ விடாதே!!

அக்கா: தூவினால் மேலே மெல்லிய தோல் போல நின்று அப்புறம் உரியும். அந்தத் தண்ணீர் தானாகப் போகட்டும். மினுமினுப்பு அடங்கி, விரலால் அழுத்தினால் லேசாகக் குழி விழும் பதம் வரும். அப்போது கரணை போடச் சொல்.

நான்: அவர் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

பெரிய மாமா: அவரோடு ஏதாவது பேசிக்கொண்டிரு.

காலை 9:35

நான்: பதம் வந்துவிட்டது. மணியாசுக்கட்டையால் (தேய்க்கும் மரப்பலகை) தேய்த்து, சித்தி கேட்டபடி துடைப்பத்தால் கோடு இழுக்கிறோம். சுவரிலிருந்து வெளியே, தண்ணீர் போகும் திசையிலேயே. புதுத் துடைப்பம், ஒரே இழுப்பு. நிறுத்தினால் அங்கே திட்டு விழுகிறது.

சித்தி: படம் போடு. ஆகா, சீப்பால் வாரிய தலை மாதிரி இருக்கிறது.

செவ்வாய், மாலை 7:10

நான்: நடுக்கட்டமும் முடிந்தது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம் என்று பார்த்தால் வாட்டத்தில் வழிந்து ஓடிவிடுகிறது.

பெரிய மாமா: ஓடினால் வாட்டம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஈரச் சாக்கை விரித்து அதன் மேல் பாலிதீன் போட்டு ஓரத்தில் கல் வை. காலை, மாலை சாக்கைத் தொட்டுப் பார். காய விடாதே.

நான்: எத்தனை நாள்?

அக்கா: நடுக்கட்டத்துக்கும் சேர்த்து 7 நாள் குறைந்தது. முடிந்தால் 10. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து என்று இருப்பதுதான் ரொம்பக் கெடுதல். நடக்கலாம், ஆனால் கனமான தொட்டி எதையும் அதற்குள் ஏற்றாதே.

அம்மா: சாக்கு வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இவனை நம்ப முடியாது.

அதற்கு அடுத்த வாரம் சனி, காலை 8:15

நான்: சாக்கை எடுத்தாயிற்று. வெடிப்பு எதுவும் இல்லை. சுவர் ஓரத்து ஃபோம் பட்டைக்கு மேலே சீலன்ட் போட்டு மூடிவிட்டேன். இப்போது ஹோஸ் வைத்துச் சுவர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் விடுகிறேன். [வீடியோ]

சித்தி: அழகாகத் தோட்டத்துக்குப் போகிறது!

பெரிய மாமா: ஹோஸை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எங்கேயாவது தேங்கி நிற்கிறதா பார்.

நான்: ஒரே ஓர் இடத்தில் தட்டு அளவுக்கு நிற்கிறது. நாணயம் வைத்துப் பார்த்தேன், மூழ்குகிறது. வெளி ஓரத்துக்கு ஒன்றரை அடி முன்னால்.

அக்கா: அது ஒன்றும் இல்லை, வெயிலில் காய்ந்துவிடும். சுவர்ப் பக்கம் வராத வரை கவலைப்படாதே.

பெரிய மாமா: எந்தக் கட்டம்?

நான்: மூன்றாவது.

அத்தான்: அந்த ஸ்டேட்டஸ் படத்தை யாராவது சேமித்து வைத்திருக்கிறீர்களா?

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது