சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

காலில் ஆறாத புண்ணோடு வேலூரில் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்த அப்பாவை, ஒரு சனிக்கிழமை பிற்பகல் குடியாத்தத்துக்கு அழைத்து வந்தோம். நான் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்த நேரத்தில்தான் செவிலியர் அம்மாவிடம் மருந்துகளை விளக்கியிருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்சுலின் காலை 20, இரவு 10 யூனிட் என்று இருந்தது. "புரிந்ததா அம்மா?" என்று கேட்டதற்கு அம்மா தலையாட்டியிருக்கிறார். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாராக இருந்தாலும் தலையைத்தான் ஆட்டுவார்கள்.

கொடுத்தனுப்பிய சிரிஞ்சுகள் தீர்ந்ததும் ஊர் மருந்துக்கடையில் வாங்கியவை ஆரஞ்சு மூடி போட்டவை. நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வலிமை உள்ளது. அதற்குரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் வலிமைக்கானது என்பதால், அதில் 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரை 300-க்குக் கீழே இறங்காதபோது, ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார் என்று அப்பாவைத்தான் கடிந்துகொண்டோம். அவர் மறுத்துப் பேசாமல், பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

மறுபரிசோதனையில் மருத்துவர் அளவை 28, 16 என்று உயர்த்தினார். எந்த சிரிஞ்சில் போடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. நாங்களும் அதை எடுத்துப் போகவில்லை. அன்று மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்ததோ சிவப்பு மூடி. முந்தைய இரவு வரை 4 யூனிட் மட்டுமே பெற்றுவந்த உடம்பில் 16 யூனிட் முழுதாக இறங்கியது. விடியற்காலை மூன்று மணிக்குப் பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி, என்னைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குளுக்கோமீட்டரில் 46. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பின்தான் தெளிந்தார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பெண் பணியாளர்தான் இரண்டு சிரிஞ்சுகளையும் குப்பிக்குப் பக்கத்தில் வைத்து, அவற்றின் மேலிருந்த எண்களைப் படித்துக் காட்டினார்.

அடுத்த முறை சென்றபோது நடந்ததைச் செவிலியரிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. சிரிஞ்சை அம்மாவின் கையில் கொடுத்து, "நீங்களே இழுத்துக் காட்டுங்கள் அம்மா" என்றார். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து இழுத்தார். இரண்டு கோடு தள்ளி நின்றது. மூன்றாம் முறை சரியாக வந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.